பாங்காக்கை தனியா சுத்தணுமா? ரோட்டை விட்டுட்டு ரயிலையும் ஆத்தையும் புடிங்க

பாங்காக் தனியா போறவங்களுக்கு ரொம்பத் தோதான ஊரு. ஒரு ஆளுக்கு ஒரு தட்டு சாப்பாடு தெருவுக்குத் தெரு கிடைக்கும், ராத்திரி பத்து மணிக்கும் மெயின் ரோட்டுல ஆள் நடமாட்டம் இருக்கும், தனியா உக்காந்து சாப்பிடறவங்களை யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க. ஆனா முதல் தடவை போறவங்க நிறைய பேர் ஊர்ல பாதி நாளை டாக்ஸிக்குள்ள டிராபிக்லயே கழிச்சுட்டு, "என்னங்க ஊரு இது"ன்னு திரும்பி வந்துடறாங்க. அது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா அந்த ஊர்ல ரோட்டைத் தொடாமலே பெரும்பாலான இடத்துக்குப் போய்டலாம், மேல ஒரு ரயில், கீழ ஒரு ரயில், நடுவுல ஒரு ஆறு, குறுக்க ஒரு கால்வாய். இந்த நாலையும் புரிஞ்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் தானா வந்துடும். அதனால இந்தக் கட்டுரையை அதைச் சுத்தியே எழுதறேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி

விசா ரூல் அடிக்கடி மாறுது, அதனால போன வருஷம் போன ஃப்ரெண்ட் சொன்னான்னு நம்பிப் போகாம, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தாய்லாந்து தூதரக சைட்ல உங்க பாஸ்போர்ட்டுக்கு என்னன்னு ஒரு தடவை பாத்துடுங்க. விசா தேவையோ இல்லையோ, டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒண்ணு 2025 மே மாசத்துல இருந்து எல்லா வெளிநாட்டுக்காரங்களுக்கும் உண்டு, ஊர் போய் இறங்கறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். அதுக்கு காசே கிடையாது. காசு கேக்குற சைட்டா இருந்தா அது அரசாங்க சைட் இல்ல, மூடிட்டு வெளிய வந்துடுங்க. தனியா போறவங்ககிட்ட இமிக்ரேஷன்ல ரிட்டர்ன் டிக்கெட் எங்க, எங்க தங்கறீங்கன்னு கேக்க வாய்ப்பு உண்டு, ரெண்டையும் பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கோங்க, அந்த நேரம் பாத்து போன்ல நெட் வராது.

எப்ப போறதுன்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வெயில் கொஞ்சம் தாங்கும். ஏப்ரல் தான் உச்ச சூடு, ஆனா ஏப்ரல் 13 - 15 சோங்க்ரான், அவங்க புத்தாண்டு, ஊரே தண்ணி ஊத்தி விளையாடும், அதுக்காகவே போறவங்க இருக்காங்க. செப்டம்பர், அக்டோபர்ல மழை கொட்டும்.

துணி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு: தோளும் முட்டியும் மூடற மாதிரி ரெண்டு செட் கண்டிப்பா வேணும், ஆம்பளைங்களுக்கும் தான். அரண்மனைல ஷார்ட்ஸ் போட்டு வந்தா உள்ள விட மாட்டாங்க. செருப்பு சுலபமா கழட்டி மாட்டற மாதிரி இருக்கட்டும், கோயில் கோயிலா ஏறி இறங்கறப்போ லேஸ் கட்டிட்டு இருந்தா வெறுத்துடும்.

ரூம் எங்க போடறது

இதுல தான் ட்ரிப்பே இருக்கு. ரூம் எவ்வளவு அழகுன்னு பாக்காதீங்க, ஸ்டேஷன்ல இருந்து எத்தனை நிமிஷ நடைன்னு பாருங்க. பத்து நிமிஷத்துக்கு மேலன்னா வேண்டாம், அந்த வெயில்லயும் ஈரக்காத்துலயும் பத்து நிமிஷமே அரை மணி நேரம் மாதிரி தெரியும்.

அங்க மேல ஓடற ரயில் பிடிஎஸ், அதுல சுகும்வித் லைன், சீலோம் லைன்னு ரெண்டு இருக்கு, ரெண்டும் சியாம் ஸ்டேஷன்ல சந்திக்குது. இன்னொண்ணு எம்ஆர்டி, அதுல ப்ளூ லைன் தான் உங்களுக்கு முக்கியம், பெரும்பாலும் சுரங்கத்துல ஓடும், ஊரை ஒரு வளையமா சுத்தி வரும். பிடிஎஸ் அசோக் ஸ்டேஷனும் எம்ஆர்டி சுகும்வித் ஸ்டேஷனும் ஒட்டி ஒட்டி இருக்கு, அதே மாதிரி சலா டேங்கும் சீலோமும். இந்த ரெண்டு சந்திப்புல எதாவது ஒண்ணு பக்கத்துல ரூம் போட்டா ரெண்டு ரயிலும் கையில. என்னைக் கேட்டா முதல் தடவை போறவங்களுக்கு சலா டேங் பக்கம் தான் சொல்லுவேன், லும்பினி பார்க் நடந்து போற தூரம், ஆத்துக்குப் போற படகுத்துறை பிடிஎஸ்ல நாலஞ்சு ஸ்டேஷன் தான். பழைய ஊர் வாசம் வேணும்னா எம்ஆர்டி வாட் மங்கோன், சாம் யோட் ஸ்டேஷன் பக்கம் நிறைய ஹாஸ்டல் இருக்கு. காவ் சான் ரோடு பேக்பேக்கர் ஏரியான்னு பேர் வாங்குனது, ஜாலியா தான் இருக்கும், ஆனா பக்கத்துல ரயில் இல்ல, ராத்திரி சத்தம் அடங்காது.

தனியா போற பொண்ணுங்க ஹாஸ்டல் புக் பண்ணினா பொண்ணுங்களுக்கு மட்டுமான டார்ம் நிறைய இடத்துல இருக்கு, தேடும்போதே ஃபில்டர்ல போட்டுக்கோங்க. ரூமுக்குப் போனதும் முதல் வேலையா ஹோட்டல் பேரும் அட்ரஸும் தாய் எழுத்துல இருக்குற கார்டு ஒண்ணு கேட்டு வாங்கி பர்ஸ்ல வைங்க. போன் செத்துப்போனா அந்தக் கார்டு தான் உங்களை வீடு சேக்கும்.

ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள

பாங்காக்ல ரெண்டு ஏர்போர்ட். சுவர்ணபூமில இறங்கினா அடித்தளத்துல ஏர்போர்ட் ரயில் லிங்க் இருக்கு. கடைசி ஸ்டேஷன் பயா தாய், அங்க பிடிஎஸ் மாறலாம். நடுவுல மக்கசான்ல இறங்கினா நடந்து போய் எம்ஆர்டி பெட்சபுரி ஸ்டேஷன்ல ஏறலாம். பயா தாய் வரைக்கும் 45 பாத் (பாத் தான் அங்க காசு), கிட்டத்தட்ட அரை மணி நேரம், ரோட்டுல என்ன டிராபிக் இருந்தாலும் அதே அரை மணி நேரம். ராத்திரி பன்னெண்டு மணி வாக்குல ரயில் நின்னுடும், அதுக்கு மேல இறங்கினா டாக்ஸி தான். கீழ் தளத்துல மெஷின்ல டோக்கன் எடுத்து அதுல போட்டிருக்குற நம்பர் வண்டில ஏறணும், மீட்டர் 35 பாத்ல ஆரம்பிக்கும், ஏர்போர்ட் சர்சார்ஜ் 50 பாத் தனி, டோல் இருந்தா அதையும் நீங்க தான் குடுக்கணும். இது ஏமாத்து இல்ல, முறையே அப்படித்தான்.

டான் முவாங்ல இறங்கினா ரெட் லைன் ரயில் புடிச்சு குருங் தெப் அபிவாட் ஸ்டேஷன் போய், அங்கயே எம்ஆர்டி பாங் சூ ஸ்டேஷன்ல மாறிக்கலாம்.

காசு மாத்தறதை ஏர்போர்ட்ல கொஞ்சமா மட்டும் பண்ணுங்க, மிச்சத்தை ஊருக்குள்ள எக்ஸ்சேஞ்ச் கடைல மாத்தினா ரேட் நல்லா கிடைக்கும். வெளிநாட்டு கார்டு போட்டு ஏடிஎம்ல எடுத்தா ஒவ்வொரு தடவையும் 220 பாத், சில பேங்க்ல அதுக்கு மேலயும் புடிக்கிறாங்க, அதனால துளித்துளியா எடுக்காதீங்க. மெஷின் உங்க ஊர் கரன்சில சார்ஜ் பண்ணவான்னு கேக்கும், வேண்டாம்னு சொல்லி பாத்லயே எடுங்க. தெருக்கடைல பெரும்பாலும் க்யூஆர் இல்லன்னா கேஷ், அந்த க்யூஆர் உள்ளூர் பேங்க் கணக்கு இருக்குறவங்களுக்குத் தான் சுலபம், உங்களுக்கு 20, 50, 100 பாத் சில்லறை நோட்டு தான் துணை.

ரயிலும் போட்டும் எப்படி

எம்ஆர்டி ப்ளூ லைன்ல கான்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டு தட்டியே உள்ள போய்டலாம். பிடிஎஸ்ல ராபிட் கார்டுன்னு காசு ஏத்தி வெச்சுக்குற கார்டு வாங்கிக்கிட்டா ஒவ்வொரு தடவையும் டிக்கெட் க்யூல நிக்க வேண்டாம், கவுன்டர்ல பாஸ்போர்ட் காட்டணும். ஆனா அந்த ராபிட் கார்டு ப்ளூ லைன்ல செல்லாது, ரெண்டும் வேற வேற கம்பெனி, இது தெரியாம கேட்ல நிறைய பேர் முழிச்சுட்டு நிப்பாங்க. காலைல 6 மணி வாக்குல ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும் ஓடும்.

காலைல 8 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் ஸ்டேஷன்ல தேசிய கீதம் போடுவாங்க, நடந்துட்டு இருக்குறவங்க எல்லாம் அப்படியே நிப்பாங்க, நீங்களும் நில்லுங்க, ஒரு நிமிஷம் தான். ராஜ குடும்பத்தைப் பத்தி விளையாட்டுக்குக் கூட தப்பா பேசாதீங்க, அங்க அது ஜெயில் தண்டனை வரைக்கும் போகுற குற்றம். நோட்டுல ராஜா படம் இருக்குறதால கீழ விழுந்த நோட்டைக் கால்ல மிதிச்சு நிறுத்தறதும் கூடாது.

ஆத்துல ஓடறது சாவ் பிரயா எக்ஸ்பிரஸ் போட். பிடிஎஸ் சபான் தக்சின் ஸ்டேஷன்ல இறங்கினா கீழயே சாதோர்ன் துறை. அங்க ஆரஞ்சுக் கொடி போட், பகல் முழுக்க ஓடும், எங்க இறங்கினாலும் ஒரே ரேட், 16 பாத். ப்ளூக் கொடி டூரிஸ்ட் போட்னு ஒண்ணுக்கு சத்தமா கூவி டிக்கெட் விப்பாங்க, அது தப்பில்ல, இடம் தாராளமா இருக்கும், ஆனா விலை ரெண்டு மடங்குக்கு மேல. ஆரஞ்சுல ஏறினா கண்டக்டர் அக்கா நீளமான தகர டப்பாவைக் குலுக்கிக்கிட்டே வருவாங்க, சில்லறையைக் குடுத்தா டிக்கெட் கிழிச்சுத் தருவாங்க. பிக்குகளுக்குன்னு தனி இடம் ஒதுக்கியிருக்கும், அங்க நிக்காதீங்க. பொண்ணுங்க பிக்குகளைத் தொடவோ உரசவோ கூடாதுங்கிறது அங்க கடுமையான பழக்கம், ரயில்லயும் இதைக் கவனிச்சுக்கோங்க.

முதல் நாள் முழுக்க ஆத்தோரம்

காலைல 8 மணிக்குள்ள சாதோர்ன் துறைக்குப் போய், வடக்கப் போற ஆரஞ்சு போட் ஏறி தா சாங் துறைல இறங்குங்க. அங்கிருந்து கிராண்ட் பேலஸ் வாசல் சில நிமிஷ நடை. எட்டரைக்குத் திறக்கும், வெளிநாட்டுக்காரங்களுக்கு 500 பாத், மூணரைக்கு டிக்கெட் குடுக்கறதை நிறுத்திடுவாங்க. பத்து மணிக்கு மேல டூர் பஸ் கூட்டம் வந்துடும், அதனால தான் காலைலயே போகச் சொல்றேன். 1782ல முதலாம் ராமாங்கிற ராஜா கட்ட ஆரம்பிச்ச அரண்மனை. அதுக்குள்ள இருக்குற மரகத புத்தர் சின்ன சிலை தான், உயரம் 66 சென்டிமீட்டர் வாக்குல, பேர்ல மரகதம்னு இருந்தாலும் பச்சை ஜேட் கல்லு, வருஷத்துக்கு மூணு தடவை பருவம் மாறறப்போ ராஜாவே வந்து உடை மாத்துவாரு. ஆனா நம்ம ஆளுங்க கொஞ்ச நேரம் கூட நிக்க வேண்டியது வெளிப்பிராகாரத்துல. சுத்திலும் 178 ஓவியம், முழு ராமாயணம், அவங்க ராமகியன்னு சொல்றது. ராவணன் தசகண்ட்னு வருவான், அனுமன் வெள்ளையா இருப்பான், அங்க அவன் பிரம்மச்சாரி இல்ல, காதல் கதையெல்லாம் உண்டு. கதை தெரிஞ்ச கண்ணோட அந்தச் சுவரைப் பாக்கறது தனி சந்தோஷம், தனியா போனா தான் இஷ்டத்துக்கு நின்னு பாக்க முடியும்.

அங்கிருந்து தெக்க நடந்தா வாட் போ, வாட்னா கோயில். படுத்திருக்குற புத்தர் 46 மீட்டர் நீளம், பாதத்துல முத்துச்சிப்பி வேலைப்பாடு இருக்கு, அதைப் பாக்காம தலையோட ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க. பின்பக்கம் 108 வெண்கலக் கிண்ணம் வரிசையா இருக்கும், 20 பாத் குடுத்தா சில்லறை தருவாங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு காசு போட்டுக்கிட்டே போகலாம். தாய் மசாஜ் சொல்லிக்குடுக்குற பேர் போன பள்ளிக்கூடமும் அந்தக் கோயில்ல தான், நடந்து களைச்ச காலுக்கு அங்கயே மசாஜ் பண்ணிக்கலாம்.

அப்புறம் தா தியன் துறை, சின்ன ஃபெர்ரில ஆத்தைக் கடந்தா அந்தக் கரைல வாட் அருண். உடைஞ்ச பீங்கான் துண்டை ஒட்டி ஒட்டி கட்டினது, கிட்டப் போய்ப் பாருங்க, பூவெல்லாம் தட்டு ஓடு தான். சாயங்காலம் திரும்ப இந்தக் கரைக்கு வந்து அங்கிருந்து பாத்தா வாட் அருண் பின்னாடி சூரியன் இறங்கும். ஆரஞ்சு போட் சாயங்காலத்துக்கு மேல கிடைக்காது, நேரமாயிடுச்சுன்னா எம்ஆர்டி சனம் சாய் ஸ்டேஷன் நடந்து போற தூரம், கவலைப்பட வேண்டாம்.

அரண்மனை வாசல்ல நிக்குறவங்க

இதை நடுவுலயே சொல்லிடறேன், ஏன்னா முதல் நாளே வரும். நல்லா உடுத்தின ஒருத்தர் வந்து சிரிச்சுப் பேசி, "இன்னிக்கு பேலஸ் லீவு, பூஜை நடக்குது, மத்தியானம் தான் திறப்பாங்க, அதுவரைக்கும் 20 பாத்துக்கு டுக் டுக்ல நாலு கோயில் பாத்துட்டு வாங்க"ன்னு சொல்லுவாரு. ஏறினீங்கன்னா கடைசில ரத்தினக்கல் கடைலயோ தையல் கடைலயோ கொண்டு போய் நிறுத்துவாங்க. தனியா போறவங்களைத் தான் குறிவெப்பாங்க. பதிலே சொல்லாம நேரா டிக்கெட் கவுன்டர் வரைக்கும் நடங்க, மூடியிருந்தா அங்க போர்டு இருக்கும். அதே ஏரியால கையில சோளத்தைத் திணிச்சு புறாவுக்குப் போடச் சொல்லுவாங்க, வாங்கினா காசு கேப்பாங்க. ராத்திரி பார் நிறைஞ்ச பட்போங் தெரு பக்கம் மாடில ஷோ இருக்கு, ஒரு டிரிங்க் நூறு பாத்னு கூப்பிட்டா போகாதீங்க, பில் வேற மாதிரி வரும். எதாவது சிக்கல்னா டூரிஸ்ட் போலீஸ் 1155, இங்கிலீஷ்ல பேசுவாங்க. ஆம்புலன்ஸ் 1669.

இதைப் படிச்சுட்டு யாரையும் நம்பாம சுத்தாதீங்க. அங்க சாதாரண ஜனங்க ரொம்ப நல்லவங்க. தானா வந்து பேசறவர்கிட்ட தான் ஜாக்கிரதை, நீங்களா போய் வழி கேக்குற கடைக்காரம்மா கடைய விட்டு எந்திரிச்சு வந்து காட்டுவாங்க.

ரெண்டாவது நாள் கால்வாய், மலை, ஊஞ்சல்

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. சியாம் பக்கத்துல ஹுவா சாங் துறைல சேன் சேப் கால்வாய் போட் ஏறுங்க. ஊர்க்காரங்க வேலைக்குப் போற வண்டி இது. போட் நிக்குறது சில நொடி தான், சட்டுனு கயிறைப் புடிச்சு ஏறணும், தண்ணி தெளிச்சா ஓரத்துல உக்காந்திருக்குறவங்க பிளாஸ்டிக் ஷீட்டைக் கயிறு இழுத்து மேல தூக்குவாங்க, தண்ணி வாடை அடிக்கும், ஆனா டிராபிக்ல மணிக்கணக்கா போற தூரத்தை நிமிஷத்துல போய்டும். கடைசி ஸ்டாப் பன்ஃபா. இறங்கினா பக்கத்துலயே கோல்டன் மவுண்ட், முந்நூத்துச் சொச்சம் படி, ஆனா சுத்திச் சுத்தி மெதுவா ஏறறதால மூச்சு வாங்காது, மேல இருந்து பழைய ஊர் முழுக்க தெரியும்.

அங்கிருந்து நடந்தா வாட் சுதட், அதுக்கு முன்னாடி நடு ரோட்டுல செவப்பா உசரமா ஜெயன்ட் ஸ்விங். ஒரு காலத்துல இதுல ஆளுங்க ஆகாசத்துக்கு ஆடுவாங்க, 1930கள்ல அந்தச் சடங்கு நின்னுடுச்சு. நம்மளுக்கு மெய் சிலிர்க்குற விஷயம் என்னன்னா அந்த விழா பேரு திரியம்பாவாய், மார்கழி தை வாக்குல நடக்குறது, நம்ம திருவெம்பாவையோட தொடர்புடையதுன்னு தான் ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. பக்கத்துலயே தேவசதான்னு சின்ன பிராமணர் கோயில், சிவன், பிள்ளையார், பெருமாள் மூணு சன்னதி. ஊஞ்சல் ஆடறது நின்னாலும் பூஜை இன்னும் நடக்குது.

அங்கிருந்து சாம் யோட் பக்கம் இறங்கினா பாஹுராத், லிட்டில் இந்தியா, பெரிய குருத்வாரா, துணிக்கடை சந்து. சாயங்காலம் அப்படியே யாவராட், சைனாடவுன். திங்கட்கிழமை பல தள்ளுவண்டிக்கு லீவு, வேற நாள் பாத்துப் போங்க. நேரம் இருந்தா அந்தப் பக்கம் வாட் டிரைமிட் பகல்லயே பாத்துடணும், அஞ்சரை டன் தங்க புத்தர், பல காலம் சுதைப்பூச்சுக்குள்ள மறைஞ்சு கிடந்து, 1955ல இடம் மாத்தறப்போ பூச்சு உடைஞ்சு தான் உள்ள தங்கம்னே தெரிஞ்சுது.

மூணாவது நாளுக்கு நான் திட்டம் போட்டுத் தர மாட்டேன். சனி ஞாயிறுன்னா சதுசாக் சந்தை, எம்ஆர்டி கம்பேங் பெட் ஸ்டேஷன்ல இறங்கி மேல வந்தா சந்தைக்குள்ளயே நிப்பீங்க. மத்த நாள்னா காலைல லும்பினி பார்க்ல குளத்தோரம் ஆள் நீளத்துக்கு உடும்பு மாதிரி வாட்டர் மானிட்டர் நடந்து போறதைப் பாக்கலாம், கிட்டப் போகாதீங்க, தானா ஒதுங்கிப் போய்டும். சீலோம்ல மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டுல தமிழாளுங்க கட்டினது, கோபுரத்தோட நம்ம கோயில் தான், ஆனா உள்ள கும்பிடறவங்கள்ல பாதிக்கு மேல தாய் ஜனங்க, உள்ள ஃபோட்டோ எடுக்கக் கூடாது.

சாப்பாடு

அசைவம்னா பிரச்சனையே இல்ல, கூட்டம் நிக்குற கடைல நில்லுங்க, படத்தைக் காட்டுங்க. சைவம்னா கவனம் வேணும். காய்கறி பொரியல்லயும் மீன் சாஸ் ஊத்துவாங்க, சோம் தாம்ங்கிற பப்பாளிக்காய் சாலட்ல காஞ்ச இறால் போடுவாங்க, போட் நூடுல்ஸ் குழம்புல ரத்தம் சேப்பாங்க. மஞ்சக் கொடில செவப்பா எழுதியிருக்குற கடையைத் தேடுங்க, "ஜே" கடைன்னு பேரு, கறி மீன் முட்டை எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட சேக்க மாட்டாங்க. மத்த கடைல "கின் ஜே"ன்னு சொன்னா புரியும். காரம் வேண்டாம்னா "மை பெட்". நன்றிக்கு ஆம்பளைங்க "கோப் குன் க்ராப்", பொண்ணுங்க "கோப் குன் கா".

தனியா போறவங்களுக்கு மால் ஃபுட் கோர்ட் ஒரு வரம், அசோக்ல டெர்மினல் 21 மேல் மாடில இருக்குறது விலை தெருக்கடை அளவு தான். கவுன்டர்ல காசு குடுத்து கார்டு வாங்கி, சாப்பிட்டுட்டு மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கலாம். குழாய்த் தண்ணி வேண்டாம், பாட்டில் தண்ணி தெருவுக்கு ரெண்டு செவன் இலெவன்ல கிடைக்கும்.

ரோடு தான் வழின்னா

சில இடத்துக்கு ரோட்டுல தான் போகணும். காலைல 7 - 9, சாயங்காலம் 4 - 7 தவிர்த்துடுங்க. டாக்ஸில ஏறறதுக்கு முன்னாடியே "மீட்டர்"னு சொல்லுங்க, முடியாதுன்னா அடுத்த வண்டி, இல்லன்னா கிராப், போல்ட் ஆப். சுகும்வித் ரோட்டுல சந்து நம்பர் ஒத்தைப்படை எல்லாம் வடக்க, ரெட்டைப்படை தெக்க, ஆனா நேருக்கு நேர் இருக்காது, 21க்கு எதிர்ல 20 இருக்கும்னு தேடாதீங்க. நீளமான சந்துக்குள்ள போக ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பைக் டாக்ஸி முனைல நிப்பாங்க, ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கோங்க. ராத்திரி வண்டில ஏறினா லொகேஷனை வீட்டுல யாருக்காவது ஷேர் பண்ணிடுங்க.

கிளம்பற நாள்

ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்ல இருக்குற மாதிரி கணக்கு போடுங்க. பகல் ஃப்ளைட்னா பயா தாய்ல ரயில் ஏறிடுங்க. நடுராத்திரிக்கு மேல ஃப்ளைட்னா கூட சாயங்காலக் கூட்டம் முடிஞ்சு எட்டு ஒம்பது மணிக்கு ரயில்ல போய் அங்க உக்காந்திருக்கலாம். எந்த ஏர்போர்ட்னு டிக்கெட்ல இன்னொரு தடவை பாத்துக்கோங்க, சுவர்ணபூமி கிழக்க, டான் முவாங் வடக்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு டிராபிக்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.